புதுக் கைப்பேசியில் செய்தி அனுப்பப் பழகுபவர்களுக்கு

பிள்ளைகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த கைப்பேசி, அதில் அவர்களே போட்டுவிட்டுப் போன வாட்ஸ்அப், ஒரே வாரத்தில் வந்து சேர்ந்த நாலைந்து குழுக்கள். பள்ளிக் குழு, கோயில் குழு, குடும்பக் குழு, பழைய தோட்டத்து ஆள்கள் குழு. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலும், அதைச் சுற்றி எல்பில், டோவன்பி, ஹேவுட் தோட்டங்கள் பக்கமும் இப்போது நிறையப் பேருடைய நிலை இதுதான். எதைத் தட்டினால் எது திறக்கும் என்பதைப் பேரப்பிள்ளை காட்டிக் கொடுத்துவிடும். யாருக்கு, எந்த நேரத்தில், எப்படி எழுதுவது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் பெரட்டு (காலையில் ஆள்கணக்கு எடுப்பது) நடந்த காலத்தில் சேதி சொல்வது ஒரு வகையில் சுலபம். விடிவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) சொல்வார், புரியாதவர் அங்கேயே கேட்டுவிடுவார். கைப்பேசியில் அந்த வசதி இல்லை. நீங்கள் அனுப்பும் நேரத்தில் ஒருவர் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குவார், மற்றொருவர் சிங்கப்பூரில் வேலையில் நிற்பார். அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். அதனால், படிப்பவர் திரும்பக் கேட்க வேண்டிய அவசியம் வராதபடி எழுதுவதுதான் இதில் முதல் மரியாதை. கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

கைப்பேசியை முதலில் ஒழுங்கு பண்ணுங்கள்

வாட்ஸ்அப்பில் உங்கள் பெயர் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பலர் அந்த இடத்தில் ஒரு புள்ளியோ பூவோ போட்டிருப்பார்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காத வகுப்பாசிரியருக்கு நீங்கள் எழுதினால், அவருக்குத் தெரிவது அந்தப் புள்ளிதான். சொந்தப் பெயரைப் போடுங்கள். முகப்படம் வைக்க விருப்பமில்லாத பெண்கள், படத்தைத் தெரிந்த எண்கள் மட்டும் பார்க்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்து எழுத்து. சிறியதாகத் தெரிந்தால் அமைப்புகளில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிவிடுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாதி படித்துப் பதில் போடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. தமிழில் தட்டுவதற்கு ஐபோனில் 2013-லிருந்து விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். செல்லினமும் இருக்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது அது. 1985-லேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைக் கொண்டுவந்தவர் அவர். தட்டுவதே சிரமம் என்றால் விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தொட்டுப் பேசுங்கள், பேசியது எழுத்தாக விழும். விழுந்ததை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், பெயர்களில் அடிக்கடி பிழை வரும்.

இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, உங்களை யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்க்கலாம் என்று இருப்பதை, தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள். மற்றொன்று, இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்ற இடத்தில் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று போட்டுவிடுங்கள். அதை ஏன் போட வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு செய்தியை எழுதும் விதம்

“நாளைக்கு மீட்டிங், எல்லாரும் வந்துடுங்க.” கோயில் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன விஷயம், கணக்குப் புத்தகம் கொண்டுவர வேண்டுமா என்று முப்பது கேள்வி. மறுநாள் காலையில்தான் அதைப் பார்க்கும் ஒருவர், “நாளைக்கு” என்றால் எந்த நாள் என்று தெரியாமல் நிற்பார். அதையே இப்படி எழுதலாம்:

“வணக்கம். ஆடித் திருவிழா ஏற்பாடு பற்றிய கூட்டம். ஞாயிறு, 13 ஜூலை, மாலை 5 மணி, கோயில் மண்டபம். அன்னதானச் செலவும் வேன் ஏற்பாடும் பேசப்படும். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் செயலாளருக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.”

என்ன விஷயம் என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. நாளும் தேதியும் சேர்ந்து இருக்கின்றன. காலையா மாலையா என்பது தெளிவு. படித்தவர் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறது. ‘இன்று’, ‘நாளை’, ‘வரும் வெள்ளி’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். செய்தி கை மாறிக் கை மாறி நாலு நாள் கழித்துப் போய்ச் சேரும். ரத்தம் தேவை என்று வரும் செய்திகளைப் பாருங்கள். தேதி இல்லாததால், நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

“ஹலோ அக்கா” என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வேண்டாம். அந்த அக்கா இரண்டு மணி நேரம் கழித்து “சொல்லும்மா” என்பார், அப்போது நீங்கள் சமையலில் இருப்பீர்கள். வணக்கமும் விஷயமும் ஒரே செய்தியில் போகட்டும். அதேபோல ஒரு வாக்கியத்தை ஐந்து துண்டாக அனுப்பாதீர்கள். எதிரில் இருப்பவரின் கைப்பேசி ஐந்து முறை கத்தும்.

தப்பாகப் போய்விட்டால் பதறாதீர்கள். அனுப்பிய 15 நிமிடத்துக்குள் அந்தச் செய்தியையே திருத்த முடியும். எல்லாருக்கும் சேர்த்து அழிப்பதற்குச் சுமார் இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் நேரத்தையோ இடத்தையோ மாற்றினால் பழையதைச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். ஏற்கனவே படித்தவர் மறுபடி வந்து பார்க்கமாட்டார். “நேர மாற்றம்” என்று தொடங்கிப் புதுச் செய்தி போடுங்கள்.

யாருக்கு எப்படி

நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுத்திலும் கூப்பிடுங்கள். ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, டீச்சர், சார். வயதில் சிறியவர்தான் என்றாலும், பள்ளி விஷயமாக எழுதும்போது ஆசிரியருக்கு ‘நீங்கள்’தான். உங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஓடி விளையாடிய பிள்ளையாகவே இருக்கட்டும், குழுவில் மற்ற பெற்றோர் முன்னால் ‘வா, போ’ வேண்டாம். தனியாகப் பேசும்போது பழையபடி பேசிக்கொள்ளலாம்.

பிள்ளை பள்ளிக்கு வரமுடியாத நாளில் குழுவில் எழுதாமல் வகுப்பாசிரியருக்குத் தனியாக எழுதுங்கள்: “வணக்கம் டீச்சர். ஆண்டு 4 வள்ளுவர் வகுப்பு மாணவியின் அம்மா எழுதுகிறேன். மகளுக்குக் காய்ச்சல், இன்றும் நாளையும் (8, 9 ஜூலை) வரமாட்டாள். கிளினிக் சீட்டைத் திரும்ப வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.” இதில் பிள்ளையின் முழுப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியரிடம் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆசிரியருக்கு எழுத வேண்டிய விஷயம் அநேகமாக எதுவும் இல்லை. வீட்டுப்பாடம் என்ன என்று தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. காலை நாலரைக்கு எழுந்து தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவருக்கு இரவு பத்து மணி என்பது நடுச்சாமம். உங்களுக்குப் பகலாக இருப்பது அவருக்கு அப்படி இல்லை. அவசரமில்லாததை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீல நிறக் குறி விழுந்தும் பதில் வரவில்லையே என்று மனம் புழுங்காதீர்கள். படித்துவிட்டு வேலைக்குள் இறங்கியிருப்பார். உண்மையிலேயே அவசரம் என்றால் அழைத்துப் பேசுங்கள். செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப் அழைப்பு அறுந்து அறுந்து போகும், அப்போது சாதாரண அழைப்பு எடுபடலாம்.

அரசு அலுவலகத்துக்கோ வேலை கேட்டு நிறுவனத்துக்கோ எழுதும்போது மலாயில், மின்னஞ்சலில் எழுத வேண்டியிருக்கும். துவான், புவான் (ஐயா, அம்மா) என்று தொடங்கி, தெரிமா காசி (நன்றி) என்று முடிப்பது அங்கே வழக்கம். தலைப்பு வரியைக் காலியாக விடாதீர்கள். எந்த வேலைக்கான விண்ணப்பம், யாருடையது என்பது அதிலேயே தெரிய வேண்டும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். விளையாட்டுப் பெயரில் பள்ளிக் காலத்தில் திறந்த முகவரியை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பைச் சேர்த்துவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

குரல் பதிவு

எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்குக் குரல் பதிவு பெரிய வரம். தமிழ் பேசத் தெரிந்து எழுத்து மட்டும் தெரியாத இளையவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் கேட்பவர் ஒவ்வொரு நொடியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும், கண்ணால் ஓட்டிப் பார்க்க முடியாது. எனவே விஷயத்தை முதலில் சொல்லுங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். தேதி, நேரம், தொகை, வங்கி எண் ஆகியவற்றைப் பேசி அனுப்பக் கூடாது. அதற்கடியில் எண்ணால் ஒரு வரி தட்டிவிடுங்கள். பேருந்திலோ ஒட்டுக்கடையிலோ அடுத்தவர் அனுப்பியதைச் சத்தமாக ஓடவிடாதீர்கள். அவர் உங்களுக்கு மட்டும் சொன்னது அது.

குழுவில் இருக்கும்போது

ஒரு குழு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதை மட்டும் அதில் பேசினால் பாதிச் சண்டை வராது. பள்ளிக் குழுவில் அரசியல், கோயில் குழுவில் தைலம் விற்பனை, இரண்டும் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியதை அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஒருவரைத் திருத்த வேண்டியிருந்தால் கண்டிப்பாகத் தனியாகத்தான். நூறு பேர் முன்னால் குறை சொன்னவரை மறுநாள் ரொட்டிச்சானாய்க் கடையில் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். நம்முடையது சின்னப் பட்டணம்.

காலை வணக்கப் படங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. குடும்பக் குழுவில் அனுப்புங்கள், அது ஓர் அன்பு. தனியாக இருக்கும் ஒரு பெரியவர் தினமும் படம் அனுப்புகிறார் என்றால், அவர் நலமாக எழுந்துவிட்டார் என்பதும் அதில் தெரிகிறது. அறிவிப்புக்காக உள்ள குழுவில் மட்டும் அது வேண்டாம், முக்கியமான செய்தி மேலே போய் மறைந்துவிடும்.

குழுவை நடத்துபவருக்கு: முக்கிய அறிவிப்பை 24 மணி நேரமோ 7 நாளோ 30 நாளோ மேலே குத்தி வைக்கலாம். நிர்வாகிகள் மட்டும் எழுதும்படியும் அமைக்கலாம். யார் யார் வருகிறார்கள் என்று எண்ண வேண்டுமானால் வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்துங்கள், அறுபது பேர் தனித்தனியாக “சரி” போட வேண்டாம். தேதி, இடம், தொகை ஆகிய மூன்றையும் மலாயிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் நிறையப் பேர். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, யார் யாருக்கு யார் அழைத்துச் சொல்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டாச்சு என்றால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

சத்தம் தாங்கவில்லை என்றால் 8 மணி நேரமோ ஒரு வாரமோ எப்போதுமோ ஒலியை அடைத்து வைக்கலாம், யாருக்கும் தெரியாது. வெளியேறினாலும் நிர்வாகிக்கு மட்டும்தான் தகவல் போகும். கோபத்தோடு நீண்ட கடிதம் எழுதிவிட்டு வெளியேற வேண்டிய தேவையே இல்லை.

துக்கமும் கல்யாணமும்

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். சாவுச் செய்தியைக் குழுவில் போடுவதற்கு முன்னால், வீட்டு ஆளிடம் கேட்டுவிட்டீர்களா? வெளியூரில் இருக்கும் மகன், அப்பா இறந்ததைக் குழுவில் வந்த ஒரு பூமாலைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. முதலில் நெருங்கிய உறவுகளுக்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்கட்டும். அவர்கள் சரி என்ற பிறகு, ஒருவர் மட்டும், ஒரே ஒரு செய்தியாக எழுதட்டும்:

“வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். முன்பு நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை செய்த அம்மா (வயது 78) இன்று, 10 ஜூலை, அதிகாலை காலமானார். இறுதிச் சடங்கு நாளை வெள்ளி, 11 ஜூலை, பிற்பகல் 1 மணிக்கு மகன் வீட்டில். 3 மணிக்கு மின்சுடலைக்குப் புறப்படும். வீட்டு முகவரியும் தொடர்புக்கு மகன் எண்ணும் கீழே.”

(ஆயாக்கொட்டகை என்றால் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்.) உண்மையான செய்தியில் இறந்தவரின் பெயரோடு, ஊரார் அவரை அறிந்த பெயரையும் போடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர் பலருக்குத் தெரியாது. தோட்டத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிமாறியவர்களின் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம், எனவே வரைபட இடக்குறியும் சேர்த்து அனுப்புங்கள். அதில் நேரலை இடத்தை அனுப்பாமல் நிலையான இடத்தை அனுப்புங்கள். நேரலை இடம் அதிகபட்சம் 8 மணி நேரத்தில் நின்றுபோகும்.

இறந்தவரின் உடலைப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள், விபத்துப் படம் என்றால் இன்னும் மோசம். இரங்கல் சொல்ல விரும்பினால் ஒரு வரி உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்: “அம்மா எங்கள் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தவர். நாளை காலை வருகிறோம்.” கைகூப்பும் படம் ஐம்பது வரிசையாக விழுவதைவிட அது அந்த வீட்டுக்கு எவ்வளவோ ஆறுதல். நெருங்கியவர் என்றால் எழுதுவதோடு நிற்காதீர்கள், போய்ப் பாருங்கள். அதே குழுவில் அன்று பிறந்தநாள் வாழ்த்தும் சிரிப்புக் காணொளியும் போடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகையைப் படமாக எல்லாருக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிடலாம்தான். பெரியப்பாவும் அத்தையும் அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் அழைத்துப் பேசி, பிறகு “பத்திரிகையை அனுப்புகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று படத்தை அனுப்புங்கள்.

பணம் பற்றிப் பேசும்போது

கொடுத்த கடனைக் குழுவில் கேட்காதீர்கள். நன்கொடை கேட்கும்போது என்ன செலவு, மொத்தம் எவ்வளவு தேவை, யார் பொறுப்பு என்பதைச் சொல்லுங்கள். பணம் அனுப்புவதற்கான டூயிட்நவ் கியூஆர் குறியீட்டைப் போட்டால், அனுப்புபவருக்குத் திரையில் தெரியப்போகும் பெயரையும் எழுதிவிடுங்கள். வேறு பெயர் தெரிந்தால் அவர் நிறுத்திவிடுவார், நிறுத்த வேண்டும். வசூல் முடிந்ததும் வரவு செலவைக் குழுவில் போடுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் வேண்டாம் என்பது என் கருத்து. பத்து ரிங்கிட்டுக்கு மேல் முடியாத வீடு இருக்கிறது.

இந்த ஊர் மண்ணின் மைந்தரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான துன் சம்பந்தன், 1960-ல் தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசித்தான் தொழிலாளர்களின் நம்பிக்கையைப் பெற்றார். இன்றும் பெரிய தொகை என்றால் கைப்பேசியில் சொல்லிவிட்டு நேரிலும் போய்ப் பேசுங்கள்.

வந்ததை எல்லாம் தள்ளிவிடாமல்

ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்ப வாட்ஸ்அப் விடும், காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளை கடத்தல், விஷ உணவு, புது அபராதம் என்று வந்தால், தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-ல் தொடங்கிய செபெனார்ஞா என்ற உண்மை அறியும் தளத்தில் தேடிப் பாருங்கள். பொய்ச் செய்தியை அடுத்தவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அனுப்புவது, 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவின்படி குற்றம்.

உதவித்தொகை என்று வரும் இணைப்புகள்தான் நம் பக்கம் மிகவும் ஆபத்து. எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவிக்கு வருமான வரி வாரியத்தின் தளத்திலோ அலுவலகத்திலோதான் விண்ணப்பிக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பில் அடையாள அட்டை எண்ணைத் தட்டாதீர்கள். அடையாள அட்டையின் படத்தைக் குழுவில் போடவே கூடாது. ஒருவருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், நகலின் மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டு, என்ன காரியத்துக்கு என்று அதன் மேலேயே எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள்.

தெரிந்தவர் பெயரில் “அக்கா, தப்பாக உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அனுப்புங்க” என்று வந்தால் அனுப்பாதீர்கள். அதைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய், உங்கள் பெயரில் உங்கள் தங்கையிடமே கடன் கேட்பார்கள். தொடக்கத்தில் போடச் சொன்ன ரகசிய எண் இதைத் தடுப்பதற்குத்தான். சந்தேகம் வந்தால் அந்த ஆளைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். பணம் அனுப்பச் சொன்ன வங்கி எண்ணைப் போலீசின் செமாக் மூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே வங்கியை அழையுங்கள், அல்லது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் கை மாறியிருந்தால், குடும்பத்தில் ஒருவரை அழைத்து, “அக்கா எண்ணிலிருந்து பணம் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்” என்று எல்லாக் குழுவிலும் அவர் பெயரில் போடச் சொல்லுங்கள்.